காடி கேள்வி பதில்: எக்ஸோஸ் மேல் சொட்டும் எண்ணெய்

கேள்வி: என் காடிக்கு 17 வயது. மினியாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. போன வாரம் சிம்பாங் பூலாய் பாதையில் கேமரன் மலைக்கு ஏறும்போது கருகல் வாடை. மேலே நிறுத்தியதும் போனட் ஓரத்தில் புகை. எக்ஸோஸ் மேல் எண்ணெய் சொட்டுகிறதாம். “பழைய காடின்னா அப்படித்தான் அண்ணே, ஓட்டுங்க” என்கிறார் பட்டறை போர்மன். தீப்பிடிக்குமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பிடிக்கலாம். ஆனால் சொட்டுகிற எண்ணெயெல்லாம் தீயாவதில்லை. போர்மனின் துணிச்சலுக்கு அதுதான் காரணம். எஞ்சின் எண்ணெயில் பற்றக்கூடிய ஆவி கிளம்பவே 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பொறி இல்லாமல் தானே பற்ற ஏறக்குறைய 350 பாகை. மலை ஏறும் காடியின் எக்ஸோஸ் மேனிஃபோல்டு (எஞ்சினை ஒட்டிய முதல் புகைக்குழாய்ப் பகுதி) 500 பாகையைத் தொடுவது சாதாரணம். அப்படியும் பெரும்பாலும் பற்றாததன் காரணம், திறந்த இரும்பில் விழும் சொட்டு பற்றுவதற்குள் ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. நீங்கள் பார்த்த புகை அதுதான்.

எண்ணெய் எதில் ஊறுகிறது என்று பாருங்கள். வெப்பத் தகட்டின் உள்பஞ்சு, எக்ஸோஸில் சுற்றிய கண்ணாடி நார்த் துணி, யாரோ மறந்துவிட்டுப் போன துடைப்புத் துணி: இவற்றில் ஊறினால் விளக்குத் திரிதான். சூடு வெளியேற வழியில்லை. எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து மேலும் சூடேறி, வெறும் இரும்பில் பற்றாத வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிற்கும் காடிகளில் எலிக்கூடும் உண்டு. காய்ந்த லாலாங் புல்லும் நாரும் எண்ணெயில் நனைந்து மேனிஃபோல்டு பக்கத்தில் கிடப்பதைவிட மோசமானது இல்லை. வாரம் ஒருமுறை போனட்டைத் திறந்து பாருங்கள்.

ஓடும்போது காற்று ஆவியைக் கலைத்துவிடும். நிறுத்தியபின் காற்றும் இல்லை, மேனிஃபோல்டும் உடனே ஆறாது. அதனால் மலை ஏறி நிறுத்தியபின் சில நிமிடம் காடியை விட்டு நகராதீர்கள். காய்ந்த புல் மேலும் நிறுத்தாதீர்கள்.

இனி உங்கள் கசிவு. எண்ணெய் மாற்றும்போது சிந்தியது என்றால் ஓரிரு நாளில் எரிந்து தீர்ந்திருக்கும். இரண்டு வாரம் கழித்தும் புகைகிறது என்றால் அது கசிவுதான். முதல் சந்தேகம் ஆயில் ஃபில்டர்: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதைத் திருகிவிடுவார்கள். இரட்டை வளையம் அழுத்தம் தாங்காது. அதுபோல ஆயில் பிரஷர் சுவிட்ச் விரிசல் விட்டாலும் எண்ணெய் சொட்டாது, பீய்ச்சும். அப்படி இருந்தால் ஓட்டவே கூடாது, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். நுண்துளியாகத் தெறிக்கும் எண்ணெய் சொட்டைவிட எளிதில் பற்றும், எண்ணெயும் சீக்கிரம் வற்றி எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

இரண்டுமே இல்லையென்றால் வால்வு கவர் கேஸ்கெட், அதாவது எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர். எஞ்சின் ஆறியபின் கிரீஸ் நீக்கியால் கழுவி, காய்ந்ததும் 20 நிமிடம் ஓட்டி, மறுபடி ஆறவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் கீழே வழியும், காற்றில் பின்னால் போகும். ஈரத்தின் மிக உயரமான இடமே ஊற்று. கேஸ்கெட் மாற்றும்போது இரண்டு முகத்தையும் சுரண்டித் துடைக்க வேண்டும். சிலிக்கான் பசை மூலைகளில் மட்டும், சுற்றிலும் பூசினால் உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். சிறிய காடிகளில் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் தேவைப்படுவது அரிது. உங்கள் காடியின் கையேட்டு அளவே சரி. கசிகிறதே என்று மேலும் இறுக்குவதால்தான் ரப்பர் பிதுங்கி, கவர் விரிசல் விடுகிறது.

கூடவே எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். கடகடவென ஓசை வரவில்லை என்றால் அடைப்பு. எஞ்சினுக்குள் வாயு சேர்ந்து புதுக் கேஸ்கெட்டையும் தள்ளிவிடும். ‘மாற்றியும் கசிகிறது’ என்று வருவோரில் பலருக்குக் கோளாறு இதில்தான். எண்ணெய் ஊறிய பஞ்சையும் துணியையும் கழுவி வைக்காமல் மாற்றிவிடுங்கள்.

சுவாலை தெரிந்தால் எஞ்சினை அணைத்து, எல்லாரையும் இறக்கி, 999 அழையுங்கள். போனட்டை முழுக்கத் திறந்தால் காற்று புகுந்து தீ எழும். உள்ளிருந்து பிடியை இழுத்துத் தளர்த்தி, அந்தச் சிறு இடைவெளி வழியாகவே தீயணைப்புத் தூளை அடியுங்கள். ஏபிசி வகை, 1 கிலோ குப்பி போதும். ஆனால் அது சில வினாடியில் தீர்ந்துவிடும், குறிவைத்து அடியுங்கள். தண்ணீர் வேண்டாம், எரியும் எண்ணெயைப் பரப்பும்.

கேள்வி: காப்சாய் மோட்டாரிலும் எக்ஸோஸ் குழாயில் எண்ணெய் வழிகிறது. ஆபத்தா?
– வாசகர், தாப்பா

பதில்: குழாய் திறந்தவெளியில் இருப்பதால் தீ அரிது. எண்ணெய் பின்சக்கரத்தில் பட்டு வழுக்குவதுதான் முதல் ஆபத்து. டாப்பெட் மூடியின் ஓ-ரிங்கை மாற்றினாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் வழிவது பெட்ரோல் வாடையடித்தால் கார்புரேட்டரைப் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி பற்ற ஒரு பொறி போதும்.