சிவில் படிக்கும் மகளை டேட்டா சயின்ஸுக்குத் தள்ளாதீர்கள், ஆச்சி

போன வாரம் செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி மகளோடு யோசனை கேட்டு வந்திருந்தார். பெண் பி.இ. சிவில் கடைசி வருடம். வெளிநாடு போய் டேட்டா சயின்ஸில் எம்.எஸ். படிக்கட்டும் என்று சிங்கப்பூர் அம்மான் சொல்கிறார். சிவில் எடுத்தால் காலமெல்லாம் வெயிலில் நிற்க வேண்டியதுதான் என்று சென்னைப் பெரியப்பச்சி (பெரியப்பா) சொல்கிறார். 35 லட்சம் கல்விக் கடனுக்கு வங்கியில் பேசியாயிற்று. "எல்லாரும் நல்லதுக்குத்தானே சொல்றாங்க? நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் ஆச்சி, கலங்கிய கண்ணோடு.

நானும் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள்.

ஐயாவின் எழுபதாம் ஆண்டுச் சாந்திக்காக அவர்கள் வளவு வீட்டைப் பழுது பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதம் என்று ஆரம்பித்த வேலை ஏழு மாதம் இழுத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் கான்ட்ராக்டரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, இவள் வாரவாரம் எழுதியிருக்கிறாள்: திங்கட்கிழமை மேஸ்திரி முடிப்பதாகச் சொன்ன வேலைகள், சனிக்கிழமை முடிந்தவை, முடியாதவற்றுக்குக் காரணம். 'தரைக்கான ஆத்தங்குடிக் கல் இன்னும் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது.' 'வயரிங் குழாய் பதிக்கவில்லை, பூச்சு நின்றது.' 'இரண்டாங்கட்டுக் கதவை மாற்றச் சொன்னார் அப்பச்சி.' 'கூலி பாக்கி, கொத்தனார் வரவில்லை.' கடைசிப் பக்கத்தில் கூட்டியும் பார்த்திருக்கிறாள். சொன்ன வேலையில் பாதிதான் சொன்ன வாரத்தில் முடிந்திருக்கிறது. முடியாததில் பெரும்பங்குக்குக் காரணம், வீட்டார் தள்ளிப்போட்ட முடிவும் நேரத்துக்குக் கொடுக்காத பணமும்.

ஆச்சி, உங்கள் மகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கட்டுமான மேலாண்மையில், அதாவது கட்டட வேலையைத் திட்டமிட்டு நடத்தும் துறையில், ஆராய்ச்சி செய்திருக்கிறாள். 1990களில் அமெரிக்காவில் கிளென் பல்லார்ட், கிரெக் ஹோவெல் என்ற இரண்டு கட்டுமான ஆய்வாளர்கள் கட்டடத் தளங்களில் இதே கணக்கைத்தான் எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிப்பதாகத் திட்டமிட்ட வேலைகளில் சராசரியாக 54 சதவீதம்தான் முடிந்தது என்று கண்டார்கள். 'லாஸ்ட் பிளானர்' முறை அந்தக் கணக்கை ஒட்டி வளர்ந்தது. வேலையை முன்னால் நின்று நடத்துகிறவரே வாரத் திட்டம் போட வேண்டும். பொருள், ஆள், டிராயிங், முன்வேலை எல்லாம் தயாரா என்று பார்க்காமல் வாக்குக் கொடுக்கக் கூடாது. வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்து, தவறியதற்குக் காரணம் எழுத வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதை ஒழுங்காகச் செய்யும் சைட்டுகள் குறைவு.

நம் நாட்டுக் கட்டுமானத் திட்டங்கள் ஏன் தாமதமாகின்றன என்று ஆராய்ந்து 2012இல் வெளியான ஒரு கட்டுரையில், பொறுப்பேற்று நிற்காததுதான் முதல் காரணமாக வந்தது. அதற்கடுத்து, சைட்டைச் சரியாக நிர்வகிக்காதது. மழையும் மணல் தட்டுப்பாடும் முன்னால் வரவில்லை. டெண்டரில் குறைந்த விலை போட்டவருக்கே வேலை என்ற வழக்கத்தின் மேலும் கேள்வி எழுந்து, தரத்துக்கும் மதிப்பெண் சேர்த்துத் தேர்வு செய்ய 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் வழி திறந்தது. சரி, ஒரு கான்ட்ராக்டரின் தரத்தை எதை வைத்து அளப்பது? பில் தாமதமானால் அவர் வேலை எவ்வளவு படுக்கும்? இதையெல்லாம் கண்டுபிடிக்க, சைட்டில் நின்று கணக்கெடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

டி.என்.பி.எஸ்.சி., ஐ.டி. கம்பெனி வழியெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் சிவில் துறையில் கட்டுமான மேலாண்மைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே எம்.எஸ். என்றால் ஆராய்ச்சிப் பட்டம். அம்மான் சொல்லும் எம்.எஸ். வேறு, இது வேறு. இதே பாடத்தில் திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக்., கிண்டி பொறியியல் கல்லூரியில் எம்.இ. உண்டு. மூன்றுக்கும் கேட் (GATE) என்ற பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வை எழுதிவிடட்டும். பதிவு பொதுவாக ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும், தேர்வு பிப்ரவரியில். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். பிஎச்.டி. வரை போனால், மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை 2023இலிருந்து மாதம் 37,000.

மகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையில் நிறைய ஆய்வேடுகள் கேள்வித்தாளை நூறு பேருக்கு அனுப்பி, வந்த பதிலை வரிசைப்படுத்துவதோடு முடிந்துவிடுகின்றன. அந்த வழியில் போகாதே அம்மா. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன், அவருடைய மாணவர்கள் எத்தனை மாதம் சைட்டில் இருந்தார்கள் என்று கேள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பார்.

இனி பணம். வட்டிக் கணக்கை உங்கள் ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் ஒரு முறை எழுதிப் பாருங்கள். 35 லட்சம், 11 சதவீதம், 10 வருடம்: மாதத் தவணை 48,000 ரூபாய்க்கு மேல். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 58 லட்சம். அதுவும் அவள் கேட்காத படிப்புக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெண் பிள்ளை சைட்டில் எப்படி நிற்பாள் என்று கேட்டீர்கள். ஏழு மாதம் உங்கள் வளவில், உங்கள் கண் முன்னால் நின்றிருக்கிறாள். கொத்தனார் கூலி பாக்கியைக்கூட அவளிடம்தான் சொல்லியிருக்கிறார்.

முதல் சம்பளம் ஐ.டி.க்காரப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருக்கலாம். அதை இப்போதே அப்பச்சியிடம் சொல்லிவிடுங்கள், பிறகு வீட்டில் பேச்சு வராது. வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போக வேண்டாம். அம்மானின் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.