வேலை அழுத்தத்தால் விபத்து நடக்குமா, இல்லை தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணமா?

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ அடிபட்டிருக்கிறது, "பார்த்து வேலை செய்யக் கூடாதா" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் பதில்: அழுத்தத்தால் நிச்சயம் நடக்கும்.

அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில், அதாவது உலோகத் தகட்டை மெஷினில் அழுத்தி உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தேன். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் மேல் டை (தகட்டை அழுத்தும் அச்சு) இறங்கும்; கை உள்ளே மாட்ட வழியில்லை. ஆனால் அப்படி ஓட்டினால் பீஸ் குறையும். ஆர்டர் நெருக்கினால் கால் பெடலுக்கு மாற்றி, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரையும் அணைத்துவிடுவார்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியபடி சூப்பர்வைசர் பின்னாலேயே நிற்பார்.

பக்கத்து மெஷின் அண்ணன் எங்களுக்கெல்லாம் தொழில் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நாள் மாற்று ஆள் வரவில்லை என்று இரவுக்கும் அவரையே நிறுத்தினார்கள். வீட்டில் அண்ணிக்குப் பிரசவ நேரம். போனையோ கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். விடியற்காலையில் பீஸ் டையில் ஒட்டிக்கொண்டது. கையை விட்டு எடுக்கப் போனார், கால் பெடலை அழுத்திவிட்டது. இரண்டு விரல் போனது. அறிக்கையில் 'ஆபரேட்டர் இடுக்கி பயன்படுத்தவில்லை' என்று ஒரு வரி. சென்சாரைப் பற்றியும் இல்லை, இரட்டை ஷிப்டைப் பற்றியும் இல்லை.

எல்லா முதலாளிகளையும் சொல்லவில்லை. சென்சார் இல்லாமல் மெஷினே ஓடாதபடி வைத்திருந்த இடத்திலும் வேலை செய்திருக்கிறேன். "ஆபீஸில் எங்களுக்கும்தான் டென்ஷன்" என்று சிலர் வருவீர்கள். இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தூக்கம் கெட்ட உடம்போடு பிரஸ் முன்னால் நிற்பது வேறு. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது, வாரம் மூன்று நாள் லீவு கிடைக்குமே என்று எனக்கு விளக்கம் சொன்னவர்கள் யாரும் ஷாப் ஃப்ளோரில் நின்றவர்கள் இல்லை. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

சரி, உங்கள் விஷயம். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் உடனே எழுதச் சொல்லுங்கள். 'வீட்டில் அடிபட்டது என்று சொல்லிவிடு' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையில் பட்ட காயத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், சாதாரண நோய் விடுப்புக்கு 70 சதவீதம்தான். விரல் போனால் மாத உதவித்தொகைக்கும் வழி உண்டு. கம்பெனி வேலையைச் செய்யும்போது பட்ட காயம் என்றால், கவனக்குறைவு என்று அவர்கள் எழுதிவிட்டதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது.