ஜப்பானில் அழகுசாதன விளம்பரப் பாடல்கள் ஏன் அவ்வளவு பெரிய ஹிட் ஆயின?

முக்கியக் காரணம், அவை விளம்பரத்துக்காகப் போட்ட குட்டி ஜிங்கிள்கள் அல்ல. இசைத்தட்டாகத் தனியே விற்ற முழுப் பாடல்கள். 1970களின் கடைசியில் ஷிசெய்டோ, கானெபோ என்ற இரண்டு அழகுசாதன நிறுவனங்கள் பருவத்துக்குப் பருவம் போட்டி போட்டன. வசந்தத்துக்கு ஒரு பாட்டு, கோடைக்கு ஒன்று என்று.

1978 கோடையில் ஷிசெய்டோவுக்கு யசாவா எய்கிச்சி பாடினார், கானெபோவுக்கு 'சர்க்கஸ்' என்ற பாடகர் குழு. இரண்டு பாட்டுமே ஜப்பானின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலான ஓரிகானில் முதலிடம்! அடுத்து ஹொரியுச்சி தகாவோ பாடிய 'உன் கண்கள் 10,000 வோல்ட்'. அந்தத் தலைப்பே ஷிசெய்டோவின் விளம்பர வாசகம்தான். பாட்டை முணுமுணுத்தாலே விளம்பரத்தைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அருமையான யோசனை.

எனக்கு ரொம்பப் பிடித்தது மத்சுதா செய்கோவின் கதை. 1980இல் ஷிசெய்டோவின் 'எகுபோ' முகக் கழுவி விளம்பரத்துக்குத் தேர்வுக்குப் போனார். எகுபோ என்றால் கன்னக்குழி. அவர் சிரித்தால் கன்னத்தில் குழி விழவில்லை. சரி, முகம் வேறொரு பெண்ணுடையது, குரல் மட்டும் செய்கோவுடையது என்று முடிவானது. அதுதான் அவருடைய முதல் பாடல். திரையில் முகமே வராதவர், அதே ஆண்டில் நாடறிந்த பாடகி ஆகிவிட்டார்.