சிட்ரிக் அமிலச் சோதனை: கேளுங்கள், சொல்கிறேன்

பினாங்கு பிறையில், மருந்து மூலப்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் 17 வருடமாக இருக்கிறேன். இன்று சிட்ரிக் அமிலம் பற்றி மட்டும்.

பட்டர்வொர்த் தங்கை: அக்கா, நீரற்ற சிட்ரிக் அமிலத்துக்கு டைட்ரேஷனில் (வலிமை தெரிந்த காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலம் எவ்வளவு என்று அளப்பதில்) 102 விழுக்காடு வந்தது. வரம்பு 99.5 முதல் 100.5 வரை. சூப்பர்வைசர் திரும்பச் செய்யச் சொல்கிறார். செய்யட்டுமா?

உடனே செய்யாதே தங்கச்சி. சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, வந்ததை மட்டும் எழுதுவது சோதனையே இல்லை. எதையும் கொட்டாமல் அப்படியே வைத்துவிட்டு, முதலில் காரத்தைப் பார். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் வலிமை குறையும், பூரெட்டில், அதாவது காரத்தை அளந்து விடும் குழாயில், கூடுதல் மில்லி இறங்கும், நீ போன வாரத்து வலிமையையே போட்டுக் கணக்கிட்டால் விடை ஏறத்தான் செய்யும். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற தூய ஒப்பீட்டுப் பொருளை வைத்துக் காரத்தின் வலிமையை எப்போது கடைசியாகப் பார்த்தாய்? காரணத்தைக் கண்டுபிடித்து எழுதி வை, அப்புறம் மறுசோதனை.

நிபோங் திபால் மாணவர்: ஒரு சொட்டு கூடினால் என்ன ஆகிவிடும்?

ஃபெயில் ஆகிவிடும் தம்பி! நீயே கணக்குப் போடு. எடுப்பது 0.55 கிராம், 1 மோலார் வலிமையுள்ள காரத்தில் 1 மில்லி என்றால் 64.03 மில்லிகிராம் அமிலம், மொத்தமே 8.6 மில்லிதான் செலவாகும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி, அதாவது 3.2 மில்லிகிராம், கிட்டத்தட்ட 0.6 விழுக்காடு. வரம்போ இரு பக்கமும் அரை விழுக்காடுதான். அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் பூரெட் நுனியில் தொங்கும் அரைச் சொட்டைக் குடுவையின் உள்சுவரில் தொட்டு, நீரால் கழுவி இறக்கச் சொல்கிறேன். பினால்ப்தலின் என்ற நிறங்காட்டி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இளஞ்சிவப்பில் அரை நிமிடம் நின்றால் போதும், ரோஜா நிறம் வந்துவிட்டால் தாண்டிவிட்டாய்.

கெப்பாலா பத்தாஸ் அண்ணன்: நீரற்றதில் ஈரம் 1.3 விழுக்காடு வருகிறது. சரக்கு மோசமா?

வரம்பு 1.0, சரி. ஆனால் மாதிரிப் புட்டியை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தீர்கள் அண்ணா? நம்ம ஊர் மழைக்கால ஈரத்தை அந்தத் தூள் சும்மா விடாது. மூடியைத் திறந்ததும் எடை போட்டு, உடனே ஈரத்தை அளக்கும் கார்ல் பிஷர் கருவியின் கலத்தில் போடுங்கள். லேபிளையும் பாருங்கள், ஒற்றை நீர் மூலக்கூறு உள்ள வகை என்றால் 7.5 முதல் 9.0 வரை இருக்கவேண்டும்.

இன்னொருவர்: சிட்ரிக் அமிலத்தில் ஆக்சாலிக் அமிலம் கலந்திருக்கிறதா என்று ஏன் தேடுகிறோம்?

சிட்ரிக் அமிலம் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வளர்த்து எடுப்பது. அதே பூஞ்சை ஆக்சாலிக்கையும் சுரக்கும். வரம்பு பத்து லட்சத்தில் 360 பங்கு.

சுங்கை பாக்காப் அக்கா: எலுமிச்சையில் இருப்பதுதானே, இத்தனை கெடுபிடி எதற்கு?

எலுமிச்சை வயிற்றுக்குப் போகிறது. ஆனால் சிட்ரிக் அமிலம் டயாலிசிஸ் (மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை) கரைசலிலும் சேரும், அந்தக் கரைசலோ ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப்பக்கம் நோயாளியின் இரத்தத்தோடு உரசி ஓடுகிறது. அதில் அலுமினியம் இருந்தால் இரத்தத்தில் ஏறிவிடும், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதை வெளியேற்ற வழியில்லை, எலும்பையும் மூளையையும் கெடுக்கும். அதனால் அந்த உபயோகத்துக்கு மட்டும் அலுமினியம் பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் கூடாது. என் மாமா வாரம் மூன்று நாள் அந்த மெஷினில் படுக்கிறார். ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் இது எதற்குப் போகிறது என்று கொள்முதல் பிரிவில் கேட்டுவிட்டுத்தான் மாதிரியைத் தொடுவேன், நீங்களும் கேளுங்கள் அக்கா.