ஸ்மார்ட் மீட்டர் பொருத்த வருகிறார்கள், சம்மதிக்கலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: பழைய மின் மீட்டரை எடுத்துவிட்டு ஸ்மார்ட் மீட்டர் பொருத்த அடுத்த மாதம் வருவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. பில் எகிறிவிடும் என்கிறார்கள், கதிர்வீச்சு என்கிறார்கள், நாம் எப்போது வீட்டில் இல்லை என்பதுகூடத் தெரிந்துவிடும் என்கிறார்கள். வீட்டில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். சம்மதிக்கலாமா?

ஸ்மார்ட் மீட்டர் என்பது பயன்பாட்டை அளந்து நிறுவனத்துக்குத் தானே அனுப்பும் மின்னணு மீட்டர். எங்கள் வீட்டில் அதற்கு மாற்றி ஒன்றரை ஆண்டு ஆகிறது. நீங்கள் சொல்லும் அத்தனை அச்சங்களும் எங்களுக்கும் இருந்தன. அவற்றில் சில வீண் அச்சங்கள் என்று பின்னால் தெரிந்தது. வேறு சில விஷயங்களுக்கு நாங்கள் பயந்தே இருக்க வேண்டும், ஆனால் அவை அப்போது எங்கள் நினைவுக்கே வரவில்லை. மீட்டர் தவறாக அளக்குமோ என்பதைவிட, அது இதுவரை யாரும் அளக்காததை அளக்கும் என்பதும், அதற்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்பதும்தான் ஒரு குடும்பம் முதலில் கவனிக்க வேண்டியவை என்பது என் கருத்து.

பில்லைப் பற்றிய பயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பில் உண்மையாகவே ஏறியது. பழைய மீட்டரில் சுழலும் அலுமினியத் தகடு ஒன்று உண்டு. மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் அதைத் தள்ளுகிறது; தகடு எத்தனை முறை சுற்றியது என்பதைப் பற்சக்கரங்கள் எண்ணிக் காட்டுகின்றன. ஆண்டுகள் ஆக ஆக உராய்வு கூடி, அது மெல்ல மெல்லப் பின்தங்கத் தொடங்கும். சில வாட் அளவே இழுக்கும் கருவிகள் மட்டும் இணைப்பில் இருக்கும்போது அந்தத் தகடு அசையாமலே நின்றுவிடுவதும் உண்டு. மின்னணு மீட்டருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அணைத்துவிட்டதாக நாம் நினைக்கும் தொலைக்காட்சி, இணைய ரவுட்டர், சுவரிலேயே விட்டுவைத்த சார்ஜர் எல்லாம் சேர்ந்து 40 வாட் இழுத்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 29 யூனிட் ஆகிவிடும். பழைய மீட்டர் கண்டுகொள்ளாமல் விட்டதில் ஒரு பகுதியையாவது புதியது கணக்கில் சேர்த்துவிடும்.

ஆனால் எங்கள் வீட்டில் ஏறியது அதற்கும் மேல். மாடியில் நாங்களும் கீழே அண்ணன் குடும்பமும் இருக்கிறோம். இரண்டுக்கும் தனித்தனி மின்னிணைப்பு. மீட்டர் மாற்றிய இரண்டாம் மாதமே எங்கள் யூனிட் கணக்கு முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட மிகவும் கூடியிருந்தது, அண்ணன் வீட்டுக் கணக்கோ பழையபடியே இருந்தது. மின் நிறுவனத்தில் புகார் கொடுத்தோம். ஒருவர் வந்து பார்த்து, மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரு நாள் இரவு வீடு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தும் மெயின் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு மீட்டருக்கு முன்னால் நின்றேன். வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, ஆனாலும் மின்சாரம் கணக்காகும்போது சிமிட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டியது. கீழே அண்ணி வெந்நீர் ஹீட்டரை அணைத்ததும் அது நின்றது, மறுபடி போட்டதும் சிமிட்டத் தொடங்கியது.

மறுநாள் எங்கள் எலக்ட்ரீஷியன் காரணத்தைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு மின்சாரம் வரும் கம்பி ஃபேஸ், அது திரும்பிப் போகும் கம்பி நியூட்ரல். பல ஆண்டுகளுக்கு முன் மாடிப்படி விளக்குக்குக் கம்பி இழுத்தபோது, எங்கள் நியூட்ரலையும் கீழ் வீட்டு நியூட்ரலையும் ஒரே பெட்டிக்குள் முறுக்கி இணைத்துவிட்டிருக்கிறார்கள். கீழ் வீட்டுக்கு அவர்களுடைய ஃபேஸ் வழியாகப் போன மின்னோட்டத்தில் ஒரு பகுதி எங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பழைய மீட்டர் ஃபேஸ் கம்பியை மட்டுமே அளந்ததால் இது அதன் கண்ணில் படவில்லை. புதிய மீட்டர்களில் பலவும், மின் திருட்டைத் தடுப்பதற்காக, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகாதபோது எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் பூமிக்குக் கசிகின்ற வீடுகளிலும் இரண்டு கம்பிகளின் அளவும் ஒத்துப்போகாது, ஆனால் அது பில்லோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து. நியூட்ரல்களைப் பிரித்து இணைத்த பிறகு எங்கள் கணக்கு இயல்புக்குத் திரும்பியது. மீட்டர் மாற்றும் நாளுக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் இரண்டு மாதக் கட்டணமும் அண்ணனோடு தேவையற்ற மனத்தாங்கலும் மிச்சமாகியிருக்கும்.

அப்படியானால் மீட்டரே தவறாது என்கிறேனா என்றால், இல்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மின்னணு மீட்டர்கள் ஒன்பதைச் சோதித்தபோது ஐந்து மீட்டர்கள் உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டின. ஒன்றின் பிழை 582 சதவீதம் வரை போனது. இரண்டு மீட்டர்கள் குறைத்தும் காட்டின. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சோடு இணைத்த எல்இடி, சிக்கன விளக்குகள் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி இழுக்கும்போது, சில மீட்டர்களுக்குள் இருந்த உணரி அந்த ஒழுங்கற்ற வடிவத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பதே காரணம். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. அங்கே வேண்டுமென்றே கடினமான சுமையைக் கொடுத்துத்தான் சோதித்தார்கள். ஆனாலும், மின்னணு மீட்டர் பிழை செய்யவே செய்யாது என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஒரு ஆய்வே போதும்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு எளிய சோதனை செய்யலாம். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் வெந்நீர்க் கம்பி ஒன்றை மட்டும் தண்ணீருக்குள் வைத்துக் கால்மணி நேரம் ஓட விட்டால் கால் யூனிட் ஆகும், அதாவது ஏறக்குறைய 800 சிமிட்டல். வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் கூடக் குறைய இருப்பதைப் பொறுத்து எண்ணிக்கை சற்று மாறலாம். ஆனால் 800-க்குப் பதில் 1200 வந்தால், எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதே இணைப்பில் சரிபார்ப்பு மீட்டர் ஒன்றையும் சேர்த்துப் பொருத்தி இரண்டு வாரம் ஒப்பிடும்படி கேளுங்கள். மீட்டர் மாற்றும் நாளில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதியதன் முதல் ரீடிங்கையும் தேதியோடு படம் எடுத்து, இரண்டு எண்களும் எழுதிய தாளில் பணியாளரின் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு எழும் தகராறுகளில் பலவற்றுக்கு அந்தத் தாள் ஒன்றே பதில் சொல்லிவிடும். பொருத்திய சில நாட்களுக்கு, கனமான கருவிகள் ஓடும்போது மீட்டர் பெட்டியருகே கருகல் வாடையோ சூடோ இருக்கிறதா என்று கவனியுங்கள். கம்பியை மீட்டரோடு இணைக்கும் டெர்மினல் திருகு சரியாக இறுகாமல் இருந்தால் அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அதை நீங்கள் திறக்கக் கூடாது. உடனே நிறுவனத்தை அழைக்க வேண்டும். கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள், புதிய மீட்டர் வெளியே அனுப்பும் மின்சாரத்தைத் தனியாகக் கணக்கிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று அன்றைக்கே கேட்க வேண்டும். அப்படி அமைக்காத மீட்டர், நாம் வெளியே கொடுத்ததையும் நாம் வாங்கியதாகவே எழுதிவிடும்.

கதிர்வீச்சைப் பற்றி நீண்டு எழுத எனக்கு விருப்பமில்லை. மீட்டர் அனுப்புவது கைபேசி அனுப்புவதைப் போன்ற வானொலி அலைகள்தான். சில இடங்களில் அதுவும் இல்லாமல் மின்கம்பி வழியாகவே தகவல் போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானொலி அலைகளைப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. ஆனால் அந்த முடிவுக்கு முக்கிய அடிப்படையாக இருந்தவை, கைபேசியைக் காதோடு ஒட்டி வைத்து நெடுநாள் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள். மீட்டரோ சுவருக்கு அப்பால் இருந்து குறுகிய நேரத் துடிப்புகளாகவே அனுப்புகிறது. தூரம் இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். தலையணைக்கு அடியில் கைபேசியை வைத்துத் தூங்கும் வீட்டில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

தகவல் விஷயம் வேறு. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1980-களிலேயே, ஒரு வீட்டுக்குள் செல்லும் மொத்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே உள்ளே எந்தக் கருவி எப்போது ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை உருவாக்கினார். அதே முறை கண்காணிப்புக்கும் பயன்படும் என்று எச்சரித்தவரும் அவர்தான். அரைமணி நேரத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளைக்கு 48 எண்கள். அவ்வளவிலிருந்து நீங்கள் எந்த நிகழ்ச்சி பார்த்தீர்கள் என்று தெரியாது. ஆனால் எப்போது எழுந்தீர்கள், எந்த நாட்களில் வீடு பூட்டிக் கிடந்தது, இரவில் யாரோ பலமுறை எழுந்து விளக்குப் போடுகிறார்களா என்பவை தெரிந்துவிடக்கூடும். ஆகவே இந்தப் பயத்தை மட்டும் யாரும் சிரித்து ஒதுக்க விடாதீர்கள். நெதர்லாந்தின் மேலவை 2009-இல், ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தைத் தனியுரிமையை முன்னிட்டே ஏற்க மறுத்தது; அதன் பிறகு அங்கே மறுக்கும் உரிமையோடுதான் மீட்டர் வந்தது. அமெரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, நேப்பர்வில் நகரின் 15 நிமிடப் பதிவுகள் தொடர்பான வழக்கில் 2018-இல், அப்படிப் பதிவெடுப்பது அரசமைப்புச் சட்டம் சொல்லும் சோதனைக்கு, அதாவது அரசு ஒருவரின் வீட்டைத் தேடிப் பார்ப்பதற்கு, நிகரானதே என்று கூறியது. ஆனால் மின்வலையமைப்பை நவீனமாக்கும் நோக்கத்துக்காக அது நியாயமானது என்று அனுமதிக்கவும் செய்தது. உங்கள் நிறுவனத்திடம் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பதிவு எடுக்கிறார்கள், எத்தனை காலம் வைத்திருக்கிறார்கள், வேறு யாருக்குக் கொடுக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள்.

வயதான பெற்றோர் இருப்பதாக நீங்கள் எழுதியதால், நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது அந்த சுவிட்சைப் பற்றித்தான். பல ஸ்மார்ட் மீட்டர்களுக்குள் ஒரு ரிலே இருக்கிறது. எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டளை வந்தால் வீட்டில் மின்சாரம் நின்றுவிடும். முன்பெல்லாம் பில் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க ஒரு மனிதர் வாசலுக்கு வர வேண்டும். என் அம்மா இரவில் ஆக்சிஜன் செறிவூட்டியோடு தூங்குகிறார்; அவரைப் பார்த்த எந்தப் பணியாளரும் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்க மாட்டார். கட்டளை அனுப்பும் கணினிக்கு அம்மா தெரியாது. முன்பணம் கட்டும் முறையில் இருப்பு தீர்ந்தாலும், அனுமதித்த மின்சுமையைத் தாண்டினாலும் இதே ரிலே செயல்படும்படி அமைக்க முடியும். பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டர் வீடுகளைத் தொலைவிலிருந்தே முன்பண முறைக்கு மாற்றியது பெரும் சர்ச்சையாகி, 2023-இல் கட்டாய மாற்றங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மருத்துவக் கருவிக்காகத் தொடர்ந்து மின்சாரம் தேவைப்படுவோரின் வீடுகளைச் சம்மதமின்றி அப்படி மாற்றக் கூடாது என்ற விதியும் அதன் பிறகுதான் வந்தது.

நாங்கள் அம்மாவின் மருத்துவச் சான்றிதழை இணைத்து, எங்கள் இணைப்பைத் தொலைவிலிருந்து துண்டிக்கக் கூடாத பட்டியலில் சேர்க்கும்படி கடிதம் கொடுத்தோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதை ஒப்புகை அட்டையோடு அனுப்பிய பிறகு, மூன்றாவது வாரத்தில் பதில் வந்தது. எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் அம்மாவின் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்ததையும் அப்போதுதான் கண்டு, என் எண்ணையும் அண்ணன் எண்ணையும் சேர்த்தோம். நேரத்துக்கு ஏற்ப மாறும் கட்டணத்தை மீட்டரோடு சேர்த்து உங்கள் மேல் ஏற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் முதியவரால் தன் தேவையை நள்ளிரவுக்கு ஒத்திப்போட முடியாது.

நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பூட்டிய வீட்டுக்கு உத்தேசக் கணக்கு போடுவது எங்களுக்கு நின்றுவிட்டது, முந்தைய நாள் பயன்பாடு மறுநாளே தெரிகிறது. பழைய குளிர்பதனப் பெட்டியின் கதவு சரியாக மூடாததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

ஆகவே மறுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் சம்மதிப்பேன். ஆனால் பெற்றோரைப் பற்றிய கடிதத்துக்கு எழுத்தில் பதில் வந்த பிறகே தேதி கொடுப்பேன். அதற்குள் நம்பகமான எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து நியூட்ரலையும் கசிவையும் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது அரை நாள் வேலையாகத்தான் இருந்தது.