தோட்டத்து ரோட்டுக்கு ஆண்டுதோறும் கல் கொட்டியும் குழி விழுகிறதே, ஏன்?

பினாங்கு நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே குறை கல்லில் இல்லை, தண்ணீர் வடியாததில்தான். ரோட்டின் மேலே நிற்கும் தண்ணீரை வெளியேற்றாமல் எத்தனை லாரி கல் கொட்டினாலும் அது சேற்றுக்குள் புதையும்.

நல்ல மழை பெய்யும்போதே ரோட்டில் நடந்து பாருங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே குறுக்கே ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் வேலை ஆரம்பிக்கவே கூடாது.

ரோட்டின் நடு மேடாக இருக்க வேண்டும். 4 மீட்டர் அகல ரோட்டில் ஓரத்தைவிட நடு 10 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் 5 விழுக்காடு சரிவு கிடைக்கும். கிரேடர் (மண்ணைச் சமன்படுத்தும் இயந்திரம்) ஓட்டுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, மண்ணை ஓரத்தில் வரப்பாக விட்டுவிடுவது. அந்த வரப்பு தண்ணீரை லொங்காங்குக்கு, அதாவது ஓரக் கால்வாய்க்கு, போக விடாமல் ரோட்டிலேயே ஓடவைக்கும். மண்ணை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ள வேண்டும், அதுவும் ஈரமாக இருக்கும்போது. காய்ந்த மண்ணைச் சுரண்டினால் பிடிப்புத் தரும் நுண்மண் தூசியாகப் பறந்துபோகும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரமே ரோலர் போடச் சரியான பதம்.

குறுக்கே போடும் குழாய்க்கு 600 மில்லிமீட்டர் விட்டமாவது வேண்டும். அதைவிடச் சிறியதில் செம்பனை மட்டை சிக்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கடுமை. ஆகஸ்டுக்குள் எல்லாக் குழாய் வாயையும் துப்புரவாக்கிவிட வேண்டும்.

அடுத்தது லாரி. அச்சுச் சுமை கூடும்போது சேதம் ஏறத்தாழ நான்காம் மடியில் கூடும் என்பது ரோட்டுப் பொறியியலின் பழைய கணக்கு. 20 விழுக்காடு அதிகம் ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கு. மழை நாளில் லாரியையே நிறுத்தச் சொல்வது நியாயமில்லை, அறுத்த குலை தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். ஈரமான நாள்களில் நடையைக் கூட்டி, ஒரு நடைக்கு ஏற்றும் சுமையைக் குறைக்கச் சொல்லுங்கள். இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்பது நல்லது.

இனி பணம். மாநிலச் சாலைப் பராமரிப்புக்கு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவின்படி கூட்டரசு மானியம் தருகிறது. சாலைகளின் நீளத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கு, அதற்கு மாரிஸ் என்ற மலேசியச் சாலைப் பதிவேட்டில் ரோடு ஏறியிருக்க வேண்டும். உங்கள் ரோடு தனியார் நிலத்தில் இருந்தால் பராமரிப்பு நிலத்துக்காரர் பொறுப்பு. கம்பத்துக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தினமும் போகும் வழி இப்படி யாருக்கும் சொந்தமில்லாததுபோல் கிடப்பது பெரிய அநியாயம். நில அலுவலகத்தில் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, சாலை ஒதுக்கீடு உண்டா என்று முதலில் பாருங்கள். ஒதுக்கீடு இருந்தால் ரோட்டின் நீளம், அகலம், குழாய்கள் இருக்கும் இடம், மழையில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும் மாவட்டப் பொதுப்பணித் துறைக்கும் மனுக் கொடுங்கள்.