குரலுக்கும் பேஸ் கிட்டாருக்கும் ஒரே கம்ப்ரெசர் போதுமா?

தாராளமாகப் போதும். சத்தம் ஒரு அளவைத் தாண்டும்போது அதைத் தானாக அடக்கும் பெட்டிதான் கம்ப்ரெசர். டிவியில் விளம்பரம் அலறினால் ரிமோட்டை எடுத்துக் குறைக்கிறோமே, அதுபோல. எவ்வளவு வேகமாகக் குறைக்கிறது என்பதில்தான் விஷயம்.

எல்ஏ-2ஏ என்ற கம்ப்ரெசர் வகையில், உள்ளே ஒரு ஒளி சத்தத்துக்கேற்பக் கூடிக் குறைந்து அளவைக் கட்டுப்படுத்துகிறது. நிதானமாகப் பிடித்து நிதானமாக விடுவதால், நீட்டிப் பாடும் குரல் இயல்பாக இருக்கும். 1967இல் வந்த 1176 என்ற கம்ப்ரெசர் ஒரு மில்லி விநாடிக்குள் பாய்ந்துவிடும். பேஸ் கம்பியைச் சுண்டும்போது எழும் ‘டக்’கைப் பிடிக்க அதுதான் சரி. (அதன் அட்டாக் குமிழை, அதாவது பிடிக்கும் வேகத்தை மாற்றும் குமிழை, வலப்பக்கம் திருப்பினால்தான் வேகம் கூடும், பலர் தலைகீழாக வைத்துவிட்டுத் திட்டுவார்கள்.) ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வேகத்தை மாற்றும் குமிழ் உள்ளதாகப் பாருங்கள்.

அப்புறம், கம்ப்ரெசர் இருந்தால் பதிவு பிசிறாது என்பது தவறு. அதற்கு முன்பே, மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்பில் பிசிறிய சத்தத்தை அது சரிசெய்யாது.